ஈரத்துணியில் சுற்றிய பாட்டில்

போன வாரம் உத்திரமேரூர் சந்தையில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லேகியக்காரர். தரையில் தார்ப்பாய், அதன் மேல் பாட்டில்கள், கையில் மைக். "ஆண்களே, கூச்சப்படாதீர்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோரும் கூச்சப்பட்டபடியே நின்றார்கள்.

அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் குழந்தை இல்லை. ஒரு பாட்டிலை வாங்கிப் பையில் கீரைக்கு அடியில் திணித்தார். நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உடனே இரண்டு பேரும் வெங்காயத்தைப் பார்த்தோம்.

நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. உங்களுக்குத்தான் தெரியுமே — எழுதச் சொன்னால் வாராவாரம் எழுதிவிடுவேன். நேரில் ஒருவரிடம் மணி கேட்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். அவர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கும் ஏழு வருடம் குழந்தை இல்லை.

அப்போது நான் ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலையில் இருந்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு அது நல்ல வேலைதான். பாய்லர் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து உமியை அள்ளி அள்ளிப் போடணும். காலையில் ஏறுகிற சூடு, வீட்டுக்கு வந்து குளித்தாலும் இறங்காது. இடுப்பில் இறுக்கிக் கட்டின லங்கோடு. வாயில் ஒரு பீடி, காதில் ஒரு பீடி.

இந்தப் பத்தியிலேயே பாதி வியாதி இருக்கிறது. அப்போது யாருக்குத் தெரியும்?

வைத்தியமெல்லாம் பச்சையம்மாவுக்குத்தான். பச்சையம்மா என் மனைவி. செவ்வாய்க்கிழமை விரதம், கையில் மந்திரித்த கயிறு, வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு. அந்தக் கசப்பைக் குடித்து அவள் முகத்தைச் சுளிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா பண்ணிக்கொண்டிருப்பேன். இரண்டு இட்லி கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரிகிறது?

கடைசியில் என் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாகறலில் அம்மாவுக்கு ஒரு தூரத்து அண்ணன். அவருடைய இரண்டாவது பெண்ணை எனக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைப்பது என்று. "பச்சையம்மாவும் இருக்கட்டும், அதுவும் வரட்டும். நான் யாரையும் வெரட்டல" என்றார்கள். மாகறல் மாமாவும் தலையாட்டிவிட்டார். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

என்னை யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தலையை மட்டும், ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் ஆட்டி வைத்தேன்.

அன்று சாயங்காலம் பச்சையம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"கட்டிக்கோங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணை நெனச்சாத்தான் பாவமா கீது."

"ஏன், அதுக்கு இன்னா?"

"அதுவும் மலைவேம்பு குடிக்கணுமே."

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறு மாதத்துக்கு முன்னாலேயே அவள் தன் அண்ணியோடு காஞ்சிபுரம் போய் ஒரு லேடி டாக்டரைப் பார்த்திருக்கிறாள். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, 'உன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா. வீட்டுக்காரரை அழைச்சுக்கிட்டு வா' என்று அந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள்.

"ஆறு மாசமா ஏன் சொல்லல?"

"பஸ்ல பக்கத்து ஆளைக் கொஞ்சம் நகருன்னு சொல்லக்கூட வெக்கப்பட்டுக்கினு, நின்னுக்கினே வர்ற ஆளு நீங்க. உங்களை எப்படி நான் அங்க இட்டுக்கினு போறது?"

அதாவது — என் கூச்சத்தைக் காப்பாற்ற அவள் ஆறு மாதமாகக் கசப்பு குடித்திருக்கிறாள். இதைக் கேட்ட பிறகும் ஒருவன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவனை என்னவென்று சொல்வது?

காஞ்சிபுரம் போனேன். லேடி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு ஒரு ஆண் டாக்டரிடம். வயதானவர். வரிசையாகக் கேள்வி கேட்டார். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா? வந்தபோது விதையும் சேர்ந்து வீங்கியதா? அந்த இடத்தில் அடிபட்டதுண்டா? சாராயம்? பீடி ஒரு நாளைக்கு எத்தனை? ஒன்றுக்கும் நிமிர்ந்து பதில் சொல்லவில்லை. மேஜைக் காலைப் பார்த்தே சொன்னேன். "முதல்ல டெஸ்ட். மூணு நாள் மனைவியை விட்டு விலகி இருந்துட்டு வா" என்று அனுப்பினார்.

மூன்று நாள் கழித்துப் போனேன். லேப்காரர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து பாத்ரூம் பக்கம் கையைக் காட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நான் விளக்கப்போவதில்லை. எனக்கும் அவர் விளக்கவில்லை. பேரை எழுதும்போதுதான் வினை வந்தது.

"உத்திரமேரூரா? எந்தத் தெருபா? எங்க சித்தி வூடு அங்கதான் கீது."

முடிந்தது கதை. உள்ளே போய் அரை மணி நேரம் நின்றேன். கதவுக்கு வெளியே எங்கள் ஊர்ச் சித்தி வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கும்போது எப்படி முடியும்? காலி பாட்டிலோடு வெளியே வந்தேன்.

"சரி, வூட்ல இருந்தே எடுத்துக்கினு வா. ஒரு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துடணும். அப்புறம் அதை..." என்று அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் அதற்குள் படி இறங்கிவிட்டேன்.

கூச்சக்காரர்களுக்கு இது ஒரு பெரிய நஷ்டம். எதையும் பாதிதான் கேட்போம்.

மீதிப் பாதியை நானே யோசித்துக்கொண்டேன். சீக்கிரம் கெட்டுப்போகிற சாமானை எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு எப்படிக் கொண்டுபோவார்கள்? வெற்றிலையை? மல்லிப்பூவை? ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழைப்பட்டை வைத்துக் கட்டி. நானும் அப்படியே கட்டினேன். போதாததற்கு, பஸ் ஏறும் முன்னால் அடிபம்பில் இன்னொரு தடவை நன்றாக நனைத்தேன்.

"இன்னா, பூவா?" என்றார் கண்டக்டர்.

"ஆமா" என்றேன்.

வழியில் நெல் மூட்டை ஏற்ற பஸ் கால் மணி நேரம் நின்றது. நான் மடியில் பொட்டலத்தை வைத்து, வெயில் படாமல் துண்டால் மூடிக்கொண்டேன்.

ரிசல்ட் வந்தது. "ஒண்ணு கூட அசையலபா" என்றார் லேப்காரர். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னார்.

அந்தச் சீட்டோடு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தை மறைக்காமல் சொல்கிறேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை தட்டு மாற்றிக்கொள்ளலாம். இன்னும் ஏழு வருடம் அந்த மாகறல் பெண் மேல் பழியைப் போட்டே ஓட்டிவிடலாம்... இப்படித்தான் தோன்றியது. நல்லவேளை, அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"ஒண்ணு கூடவா? எப்படிப்பா எடுத்துக்கிட்டு வந்தே?"

சொன்னேன். துணி, வாழைப்பட்டை, அடிபம்பு... எதையும் விடவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பூவுக்குத்தான்யா ஈரம் வேணும். இது உயிர். சட்டைக்குள்ள வயித்தோட ஒட்டி வெச்சு, உடம்புச் சூட்டிலேயே எடுத்துக்கிட்டு வரணும். நீ ஒன்றரை மணி நேரம் குளிர்ல வெச்சு எல்லாத்தையும் சாகடிச்சிருக்கே. இந்த டெஸ்ட் செல்லாது, இன்னொரு தடவை குடு."

நான் எழுந்து கிளம்பினேன். கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கே? ஆம்பளைத்தனம் வேற, இது வேற. குடும்பம் நடத்தறதுல குறையில்லாத எத்தனையோ பேருக்கு இதுல குறை இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு இன்னொரு தடவை ஃபீஸ் கொடுக்கலாம்.

அடுத்த தடவை பச்சையம்மாவும் வந்தாள். பாத்ரூமுக்கு எதிரே லேப்காரர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். நேராக அவரிடம் போனாள்.

"அண்ணே, உங்க சித்தி எந்த வூடு? ஏரிக்கரைப் பக்கமா? செகப்பா, ஒசரமா, கண்ணாடி போட்டுக்கினு இருப்பாங்களே, அவங்களா?"

"அவங்க இல்லம்மா, எங்க சித்தி குள்ளம்..."

"அப்போ எனக்குத் தெரியலியே. இப்படி வெளியே வந்து சொல்லுங்க, இங்க ஒரே மருந்து நாத்தம்."

வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டாள். சித்தியின் வீடு, சித்தியின் சம்பந்தி, சித்தியின் முட்டிவலி என்று எல்லாம் விசாரித்து முடிப்பதற்குள் என் வேலை ஆகிவிட்டது. பாட்டில் சூடு ஆறாமல் லேபுக்குப் போனது.

இந்தத் தடவை அசைந்தது. எண்ணிக்கை குறைவு, வேகமும் குறைவு. ஆனால் உயிர் இருந்தது.

டாக்டர் என்னை நிற்கவைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, தொட்டுப் பார்த்தார். இடது பக்கம் விதைக்கு மேலே ரத்தக்குழாய்கள் முறுக்கிப் புடைத்திருந்தனவாம். ரத்தம் தேங்கி அங்கே சூடு ஏறுகிறது என்றார். விந்தணு உற்பத்தியாகிற இடம் உடம்பைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கணும். அதற்காகத்தான் அது வெளியே தொங்குகிறது. "நீ அதை பாய்லருக்கு எதிர்ல வெச்சு, லங்கோடும் கட்டி, பீடிப் புகையும் போட்டு அவிச்சிருக்கே. நெல்லை அவிச்சா மொளைக்குமா?"

மொளைக்காது. இது எனக்குத் தெரிந்த தொழில்.

சின்ன ஆபரேஷன். பீடியை விடணும். லங்கோடை விடணும். பாய்லரை விடணும். "உடனே எதிர்பார்க்காதே. புதுசா உற்பத்தியாக மூணு மாசம் ஆகும். சொர்ணவாரி நெல்லு மாதிரின்னு வெச்சுக்கோ, வெதைச்சு மூணு மாசம் கழிச்சுத்தான் அறுப்பு. அப்பவும் நூத்துக்கு நூறு நான் சொல்ல மாட்டேன்." சில பேருக்குக் குழாயில் அடைப்பு இருக்குமாம், சில பேருக்கு உற்பத்தியே இருக்காதாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சிலதுக்கு வைத்தியமே இல்லை. பார்த்தால்தான் தெரியும் என்றார்.

தெருக்காரருக்கு இங்கே ஒரு வார்த்தை: லேகிய பாட்டில் உங்களை ஒரு கேள்வியும் கேட்காது. அதுதான் அதில் இருக்கிற குறை.

ஆவணி வெள்ளிக்கிழமை வந்தது.

நான் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை சமையல்கட்டு வரை போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தட்டு. பச்சையம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மாகறல் மாமா காபியை வாங்கிக்கொண்டு, "இன்னா மாப்ளே, ஒண்ணுமே பேச மாட்டேன்ற?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துப் பழக்கமாக இருக்கலாம்.

"கொறை அவகிட்ட இல்ல மாமா. என்கிட்ட."

"இன்னா நைனா சொல்ற?" என்றார்கள் அம்மா. "யாரு இன்னா சொல்லிக் குடுத்தது உனக்கு?" கண் பச்சையம்மா பக்கம் போனது.

"யாரும் சொல்லித் தரல. டாக்டரு பாத்துச் சொன்னாரு. ஆபரேஷன் எனக்குத்தான். இவங்க பொண்ணைக் கட்டினாலும் இதே கதைதான்."

என் பெரியப்பா ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். "ஆம்பளைக்கு ஏதுடா இதெல்லாம்? பாய்லர் சூட்டுல உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார்.

"புத்தி இல்ல பெரிப்பா. அதுக்குக் கொஞ்சம் கீழ."

இதை நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். அப்புறம் முதலில் சிரித்தது மாகறல் மாமாதான். காபி புரையேறி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய் அழுதார்கள். பச்சையம்மாதான் போய்ச் சமாதானம் செய்தாள்.

கிளம்பும்போது மாமா என்னை மாட்டுக்கொட்டகை ஓரமாகக் கூப்பிட்டார். கோபமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்த டாக்டரு எந்தப் பக்கம் கீறாரு?"

"ஏன் மாமா?"

"பெரிய மாப்ளைக்குக் கல்யாணமாயி ஆறு வருஷம் ஆவுது. எம் பொண்ணு கையில கட்டாத கயிறு இல்ல." சுற்றுமுற்றும் பார்த்தார். "அவரும் உன்ன மாதிரிதான். வாயே தொறக்க மாட்டாரு."

வழி சொன்னேன். பாட்டிலை ஈரத்துணியில் சுற்ற வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஆபரேஷன் ஆனது. மில் முதலாளி என்னைப் பாய்லரிலிருந்து தராசுப் பக்கம் மாற்றினார். பீடியை விட்டதுதான் ஆபரேஷனைவிடப் பெரிய பேஜார். மூன்று மாதத்தில் ரிப்போர்ட் கொஞ்சம் தேறியது, ஆறு மாதத்தில் இன்னும் கொஞ்சம். அதற்குமேலும் ஒரு வருடம் போல ஒன்றும் நடக்கவில்லை. "பொறந்தா பொறக்கட்டும். இப்போ உங்க மேல உமிப் புகை நாத்தம் இல்ல, அதுவே போதும்" என்றாள் பச்சையம்மா.

மாகறல் பெரிய மாப்பிள்ளைக்கு எங்களுக்கு முன்னாலேயே பையன் பிறந்துவிட்டான். காது குத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் நாற்பது பேர். அந்தக் கோடியிலிருந்து மாமா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா மாப்ளே, உன் வூட்டு சேதி இன்னா?"

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பியது. நான் இலையைப் பார்க்கவில்லை.

"அஞ்சு மாசம் மாமா" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பச்சையம்மா தலையைத் தூக்காமல், "ஆறு" என்றாள்.

வாய் திறந்து பழக்கமில்லாதவன் திறந்தால்... ஒரு மாதம் முன்னே பின்னேதான் இருக்கும்.