ஒரு நாளைக்கு ஒரு வாளி

இராமையா காளியாயி, 1968–2025. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலேயுள்ள ஆனைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், எட்டாம் இலக்க லயத்தில், தொழிலாளர் வரிசை அறையொன்றில் பிறந்தார். அதே லயத்தின் வேறோர் அறையில் வாழ்க்கைப்பட்டார். பதினாறு வயதில் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர், நோயில் விழும்வரை அதை இறக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. கணவர் காலமான பின், மகள் கிருஷாந்தி ஒருத்தியே அவருக்கென்று எஞ்சியிருந்தாள்.

கிருஷாந்தி அட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அக்கடை மூடப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், ஊருக்கு வந்துபோன ஒரு தரகரின் சொல்லை நம்பி, வருகை விசாவில் மஸ்கட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போவதற்கு முதல் நாள் தாயின் கைத்தொலைபேசியில் ஒரு சிறு விளையாட்டை இறக்கிக் கொடுத்தாள். தன் தொலைபேசியிலும் அதையே வைத்திருந்தாள். இருவரையும் அவ்விளையாட்டுக்குள் நண்பர்களாகச் சேர்த்துவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

அவ்விளையாட்டைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெரிய விளையாட்டுகளை எங்கள் மலையில் தரவிறக்க முயன்றால் பாதியிலேயே சமிக்ஞை அறுந்துவிடும். இதுவோ, ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிடும். மலிவான தொலைபேசியும் அதைத் தாங்கும். திரையில் ஒரு துண்டு நிலம், சில பூச்செடிகள், ஓரத்தில் ஒரு கிணறு, அவ்வளவுதான். மலர்ந்த பூவைத் தொட்டால் அது கூடைக்குள் விழும். ஓட வேண்டியதில்லை, சுட வேண்டியதில்லை, தோற்பதற்கும் வழியில்லை. எழுத்தே கிடையாது, அனைத்தும் படங்கள். கிணறு நாளொன்றுக்கு ஒரு வாளி தண்ணீர் தரும். அதை நம்முடைய செடிகளுக்கு நாமே ஊற்ற இயலாது. இன்னொருவரின் தோட்டத்தில்தான் ஊற்ற வேண்டும். பிறர் ஊற்றாத தோட்டம் மூன்றாம் நாள் இலை பழுத்து, அதன் பிறகு காய்ந்துவிடும்.

வாழ்நாள் முழுவதும் பிறருடைய செடியில் பறித்த ஒருவருக்கு, தொட்டவுடன் பறிபடும் சொந்தச் செடி எத்தகைய ஆறுதல் என்பதை விளக்கத் தேவையில்லை. லயத்தில் சமிக்ஞை இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் பின்புற வளைவில் மட்டும் கிடைக்கும். மாலையில் தராசுக்கு வரிசையாக நிற்கும்போது காளியாயி அங்கே ஒதுங்கி, மகளின் தோட்டத்துக்கு வாளியை ஊற்றுவார். அடுத்த அறையில் குடியிருந்த மீனம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

“என்னாடி காளியாயி, போனுக்குள்ள தோட்டம் வாங்கிட்டியாமே? இனிமே ஒன்னையத் தொரைசானின்னுதான் கூப்புடணுமா?”

“கூப்புட்டா என்னா, வாய் வலிக்குமா?”

“அந்தத் தோட்டத்துல முழுநாள் சம்பளத்துக்கு முழுப்பேர் போடுறாங்களா, இல்ல கொழுந்து கொறஞ்சா இங்க மாதிரி அரைப்பேருதானா?”

“அங்க தராசே இல்லடி. மேல நின்னு வெரட்டுற கண்டாக்கையாவும் இல்ல. அதுக்கே கோயில் கட்டலாம்.”

மகளோ மஸ்கட்டிலிருந்து தொலைபேசியில் கடிந்துகொள்வாள்.

“ஏம்மா பாதிய விட்டுட்டே பறிக்கிறீங்க? எல்லாத்தையும் பறிச்சாத்தான் பரிசு குடுப்பான்.”

“மொட்டையும் பறிச்சுப்புட்டா அடுத்த ரவுண்டுக்கு என்னாத்தடி பறிக்கிறது?”

“அது வெளையாட்டும்மா! மொட்டு தானா வரும்!”

“செடின்னா செடிதாண்டி.”

காளியாயி அவ்விளையாட்டில் ஒரு பரிசும் பெற்றதில்லை.

2023 ஜனவரியில் தரகர் கிருஷாந்தியை முதல் வீட்டிலிருந்து எடுத்து, வேறொரு வீட்டில் ஒப்படைத்தார். எந்த ஊர், யார் வீடு என்று தெரியவில்லை. புதிய வீட்டார் அவளுடைய தொலைபேசியை வாங்கி வைத்துக்கொண்டனர் போலும், அழைப்புகள் நின்றன. தரகரின் எண்ணும் செயலிழந்தது. காளியாயி விசாரித்த அலுவலகங்களில், வருகை விசாவில் போனவர்களைப் பற்றித் தங்களிடம் பதிவு எதுவும் இல்லை என்றார்கள். அது உண்மையும்கூட. பதிவு இல்லாத ஒருத்தியை எங்கே தேடுவது?

மார்ச் மாதத்தில் ஒரு மாலை, மடுவத்தின் வளைவில் அவர் விளையாட்டைத் திறந்தபோது அவருடைய செடிகள் நனைந்திருந்தன. ஊற்றியவரின் இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண்ணின் படம் இருந்தது. அது கிருஷாந்தி தனக்கென்று தெரிந்தெடுத்த படம். தண்ணீருடன் அனுப்பக்கூடிய சிறு படங்கள் சில உண்டு: வெயில், மழை, குழந்தை, கதவு, சிரித்த முகம் போன்றவை. அன்று வந்தவை குழந்தையும் மூடிய கதவும். மகள் எங்கோ ஒரு வீட்டில் அடைபட்டிருக்கிறாள், அங்கே ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள், அக்குழந்தையின் விளையாட்டுக் கருவியில் தன் பழைய பெயரைக் கொடுத்து உள்ளே நுழைந்திருக்கிறாள் என்று காளியாயி விளங்கிக்கொண்டார். சரியாகத்தான் விளங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

அஞ்சல் அலுவலகத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, ‘நலமாய்ச் சேர்ந்தேன்’ என்று இரு சொல்லில் வரும் தந்திகள் நினைவிருக்கின்றன. இதில் அந்த இரு சொல்லும் இல்லை. ஆயினும் செய்தி அதுவேதான்: உயிரோடிருக்கிறேன். தாயும் ஒரு வாளியால் அதையே திருப்பிச் சொன்னார். ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. மழையானாலும் காய்ச்சலானாலும், வேலையில்லாத நாளானாலும் அவர் மடுவம் வரை நடந்து போய் வந்தார்.

2024 மே மாதத்தில் விளையாட்டு திறக்க மறுத்தது. தொலைபேசி நிரம்பிவிட்டது என்பதைக் காட்டும் சிவப்புக் குறி மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வேலைக்குப் போகாமல் கினிகத்தேனைக்குப் பேருந்து ஏறினார். அங்கே தொலைபேசிக் கடை வைத்திருந்த ஜெயகாந்தனிடம்தான் முன்பு அத்தொலைபேசியை வாங்கியிருந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளை, கெட்டவரல்லர்.

“என்னாங்கம்மா இது, கால் வைக்க எடமில்லாம குப்பை சேர்ந்து கெடக்கு. முழுசா அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் சரிவரும்.”

“அழிச்சா என் வெளையாட்டு போயிருமா தம்பி?”

“நீங்க கவ்வாத்து வெட்டிப் பாத்ததில்லையா? மொட்டைக் குச்சியா வெட்டி விட்டாலும் ரெண்டு மூணு மாசத்துல தளுத்து வருதில்ல? அதே மாதிரிதாங்கம்மா இதுவும். பத்து நிமிசத்துல எல்லாம் திரும்பி வந்துரும்.”

இதைவிடத் தெளிவான விளக்கத்தை வேறு யாரும் அவருக்குச் சொல்லியிருக்க முடியாது. கவ்வாத்து வெட்டிய மலை எரிந்த காடு போலக் கிடப்பதையும், பின்னர் அதே அடியிலிருந்து முன்னிலும் செழிப்பாகக் கொழுந்து விடுவதையும் அவர் சிறு வயது முதல் கண்டவர். எனவே தலையசைத்தார். ஜெயகாந்தன் அழித்தார்.

கவ்வாத்தில் வேர் நிலத்தில் இருக்கும். இங்கே வேராக இருந்தது ஒரு கணக்கு. தொலைபேசியை விற்ற நாளில் அக்கணக்கைத் திறந்தவர் ஜெயகாந்தனே. வாடிக்கையாளர் எல்லோருக்கும் செய்வதுபோல், வாய்க்கு வந்த ஒரு பெயரையும் கடவுச்சொல்லையும் தாமே இட்டுக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்துக் கடைகளில் இதுவே வழக்கம். வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதுமில்லை. கிருஷாந்தி விளையாட்டை இறக்கியபோது அதுவும் அக்கணக்கின் மீதே அமர்ந்துகொண்டது. இப்போது தொலைபேசி கடவுச்சொல்லைக் கேட்டது. ஜெயகாந்தன் தமக்குத் தோன்றியதையெல்லாம் இட்டுப் பார்த்தார். கடைசியில் புதிய கணக்கொன்றைத் திறந்து, விளையாட்டை மீண்டும் இறக்கி நீட்டினார். திரையில் வெறும் மண்ணும் ஒரே ஒரு நாற்றும் இருந்தன.

“இது யாரு தோட்டம் தம்பி?”

“ஒங்க தோட்டந்தாங்கம்மா. புதுசு.”

“அவ தோட்டத்துக்கு எந்தப் பக்கம் போறது?”

ஒருவரை நண்பராகச் சேர்க்க அவருடைய இரகசிய இலக்கம் வேண்டும். கிருஷாந்தியின் இலக்கம் கிருஷாந்திக்கு மட்டுமே தெரியும். விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு ஜெயகாந்தன் ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதினார்; இரண்டு முறையும் இயந்திரம் அனுப்பிய ஒரே பதில் வந்தது. எஞ்சிய வழி ஒன்றுதான். தாயக்கட்டைப் படத்தைத் தொட்டால், உலகில் விளையாடுவோர் எவரேனும் ஒருவரின் தோட்டத்துக்குள் விளையாட்டு கொண்டுபோய் விடும். யாருடையது என்பது அதன் விருப்பம்.

மகளின் தோட்டம் காளியாயிக்கு நன்றாகத் தெரியும். நான்கு மூலையிலும் செவ்வந்தி, வாசல் போல நடுவில் வெற்றிடம். அன்று முதல் மடுவத்தின் வளைவில் நின்று தாயக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தார். ரோசாத் தோட்டங்கள் வந்தன, பூசணித் தோட்டங்கள் வந்தன, ஒருவர் பூக்களாலேயே இதயம் வரைந்திருந்தார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுவார். அன்றாடம் கிடைக்கும் வாளியை எவருக்கும் ஊற்றவில்லை. மகளின் தோட்டம் அகப்படும் நேரத்தில் வாளி வெறுமையாக இருந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். ஊற்றாத வாளி அன்றிரவே இல்லாமல் போகும். மறுநாள் புதிது வரும்.

மீனம்மா இப்போது கேலி செய்வதை விட்டிருந்தார்.

“அவ எங்கயாச்சும் நல்லாத்தான் இருப்பா. நீ ஏன் இப்புடி ஒடம்பக் கெடுத்துக்குற?”

“அவளுக்கு என்னா ஆச்சுங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும்டி. எனக்கு என்னா ஆச்சுன்னு அவ நெனைப்பா? அவ தோட்டத்துக்குத் தண்ணி போகல. என் பழைய தோட்டத்துல பறிக்காத பூவெல்லாம் நின்னு கெடக்கும். அதப் பாத்துட்டு, அம்மா செத்துப்போச்சுன்னுதானே நெனைச்சிருப்பா?”

மீனம்மா அவருடைய கூடையை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

“அழுறதுக்குக்கூட அந்த வீட்டுல நேரம் குடுத்திருக்க மாட்டாங்க,” என்றார் காளியாயி.

ஒக்டோபர் மழையில் அவருக்கு இருமல் தொடங்கியது. டிசம்பரில் கூடை சுமக்க இயலாமல் வேலையிலிருந்து நின்றார். மடுவத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. ஜனவரி இறுதியில் நெஞ்சில் சளி கட்டி, டிக்கோயா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டு, பெப்ரவரி முதல் வாரத்தில் காலமானார். கொள்ளி வைக்க அண்ணன் மகன் இறம்பொடையிலிருந்து வந்தார். மகளுக்கு அறிவிக்க வழி எதுவும் இருக்கவில்லை. கிருஷாந்தியிடமிருந்து இன்றுவரை யாருக்கும் அழைப்பு வரவில்லை.

அவர் மடுவத்துக்குக் கடைசியாகப் போன நாளில் மீனம்மா கைத்தாங்கலாக உடன் போனார். தாயக்கட்டையைத் தொட்டதும் முற்றாகக் காய்ந்த ஒரு தோட்டம் வந்தது. மூலைகளில் ஏதோ செடிகளின் பழுப்புக் குச்சிகள் நின்றன. காளியாயி திரையைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார்.

“அதுவா?”

“இல்லடி. இது சூரியகாந்தி. நடுவுல வாசலும் இல்ல.”

“அப்ப அடுத்தது தட்டு. பனி எறங்குது.”

காளியாயி அடுத்ததைத் தொடவில்லை.

“இதுக்கும் யாரும் ஊத்தல பாரு. எவ பெத்த புள்ளையோ, எத்தனை நாளா பாத்துக்கிட்டுக் கெடக்கோ.”

“ஒன் மக வந்தா வாளிக்கு என்னா பண்ணுவ?”

“அவ வரமாட்டா மீனா,” என்றார்.

பிறகு கிணற்றைத் தொட்டு, வாளியை அந்த அந்நியரின் தோட்டத்தில் ஊற்றினார். நாள் 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை.