எழுத்துக் கூட்ட வெட்கப்பட்டேன்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிறகு பத்திரிகைகூட வாசித்ததில்லை. ஆனால் வெளியே போகும்போது மடிப்புக் கலையாத நீளக்கைச் சட்டையும் காலில் சப்பாத்தும் போடுவேன். கூச்ச சுபாவமுள்ள எனக்கு அந்த உடுப்புத்தான் தைரியம்.

ஒருநாள் புத்தளம் பஸ் நிலையத்தில், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அண்ணனைக் கூப்பிடுவதுபோல ‘நானா’ என்று கூப்பிட்டு, மருந்துப் போத்தலை என்னிடம் நீட்டினாள்.

“நானா, எவ்வளவு குடுக்கச் சொல்லி எழுதியிருக்குன்டு பாருங்களேன். கண்ணாடிய ஊட்டுல வெச்சிட்டு வந்துட்டேன்.”

தமிழில்தான் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டினால் வாசித்திருப்பேன். அவள் முன்னால் அப்படி வாசிக்க வெட்கம். 2 என்ற இலக்கம் மட்டும் கண்ணில் பட்டது.

“ரெண்டு கரண்டி,” என்றேன்.

அவள் கரண்டியை நிரப்பினாள். குழந்தை முகத்தைத் திருப்பி அழுதது. சொன்னது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் அவள் வைத்த போத்தலை எடுத்து, உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். ‘அரைக் கரண்டி. ஒரு நாளைக்கு 2 தரம்.’

நிமிர்ந்தபோது கரண்டி குழந்தையின் வாயருகே இருந்தது.

“குடுக்காதீங்க தங்கச்சி!”

கரண்டியைத் தட்டிவிட்டேன். மருந்து என் சட்டையெல்லாம் கொட்டியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அரைக் கரண்டிதான். நான் வாசிக்காமச் சொல்லிட்டன். எனக்கு வாசிச்சுப் பழக்கமில்ல.”

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

“இவ்வளவு பேருக்குள்ள உங்கட உடுப்பப் பாத்துத்தானே நானா உங்கள்ட்ட கேட்டேன்!”

அன்றே ஒரு பத்திரிகை வாங்கினேன். முதல் பக்கத்தை முடிக்க இரண்டு நாள் எடுத்தது. இப்போதும் நன்றாகத்தான் உடுத்துகிறேன். யாராவது எதையாவது வாசிக்கத் தந்தால், அவர்களைக் காக்க வைத்து, எழுத்துக் கூட்டியே வாசிக்கிறேன்.