படத்திலிருந்து இறங்கிய அப்பா

போன வருடம் குழந்தைகளுக்கான ஒரு விஞ்ஞானத் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. இரண்டு பொடிசுகள் பழைய செல்போனைப் பிரித்து ஒரு கருவி செய்வார்கள். அதை எந்த ஓவியத்தின் முன்னால் நீட்டினாலும் அதில் இருப்பவர்கள் உயிர் பெற்று இறங்கி வந்துவிடுவார்கள். அப்படி இறங்கி வந்தவர்களில் ஒருவர் என் அப்பா.

அப்பா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் எங்கள் தெருக்கோடியில் உள்ள பழைய வீட்டில் படப்பிடிப்பு நடந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர் ஒரு காலி நாற்காலியைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்தால் அசைய மாட்டார். யோசிக்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாரா என்பது எங்களுக்கே தெரியாது. ஓவியத்துக்குள் மாட்டிக்கொண்ட விஞ்ஞானி வேடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இயக்குநர் அவரைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, இவர்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

"இதுக்கா ஆள் தேடினா? கல்யாணமான நாள்லேந்து நான் பாத்துண்டிருக்கற நடிப்பாச்சே," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஒரே ஒரு வசனம். படச் சட்டத்திலிருந்து இறங்கி, குழந்தைகளைப் பார்த்து, "மணி என்ன?" என்று கேட்க வேண்டும். இதற்கு அவர் எடுத்துக்கொண்ட பயிற்சி அநியாயம். வீட்டில் அவர் அதிகம் பேசுவதே அந்த இரண்டு வார்த்தைகள்தான். கடிகாரம் தலைக்கு மேலேயே தொங்கினாலும், அடுப்படியில் இருக்கும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் அவருக்கு அது நேரம்.

தொடர் வந்த பிறகு தெருவே மாறிவிட்டது. பள்ளிக்கூட வேனிலிருந்து பிள்ளைகள், "விஞ்ஞானி தாத்தா, மணி என்ன?" என்று கத்துவார்கள். எதிர்வீட்டுக்காரரிடமே தலையாட்டலோடு நிறுத்திக்கொள்பவர், வேனை நிறுத்தி நேரம் சொல்லாத குறை. இத்தனை வருடத்தில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

தொடர் முடிந்ததும் அந்த ஓவியத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். கறுப்புக் கோட்டு, தடித்த கண்ணாடி, எங்கேயோ பார்க்கும் பார்வை. சட்டத்துக்குக் கீழே ஒரு சின்ன சிவப்பு பல்பு. தொடரில் படம் உயிர் பெறும்போது அது எரியும். அப்பா கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில், வாசலைப் பார்த்தாற்போல், படத்தை மாட்டினார். பல்புக்கும் இணைப்புக் கொடுத்தார்.

நம் ஊரில் ஒரு பெரியவர் படம் கூடத்தில் தனியாகத் தொங்கி, அதன் கீழே சிவப்பு பல்பும் எரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு உறைக்கவே இல்லை. படத்தில் இருந்தவர் அதன் அடியிலேயே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாலவாக்கத்துக்குக் குடிபோன அப்பாவின் பழைய வங்கி நண்பர் ஒருநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அப்பா காய்கறி வாங்கப் போயிருந்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தரமணி அலுவலகத்தோடு மீட்டிங்கில் இருந்தேன். உட்காரும்படி கை காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி என்று ஜாடை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார். என் தலையில் கை வைத்து அழுத்திவிட்டு, போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போனார். அப்பாவின் நடிப்பு அவரை அவ்வளவு உருக்கிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் அப்பாவின் செல்போன் அடித்தது. தி.நகரில் இருக்கும் அவருடைய சித்தி பிள்ளை. போனை எடுத்தது அப்பாதான் என்று அழுகையில் அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணா போய்ட்டாராமே. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

அப்பா கொஞ்சம்கூடப் பதறவில்லை. "டீவில வந்தாரே, பாத்தேளா?" என்று கேட்டார்.

"இல்லையே, பாக்க முடியலை."

தான் போய்விட்ட செய்தியைவிட இதுதான் அப்பாவைத் தாக்கியது. போனை என்னிடம் நீட்டிவிட்டு ஈஸிசேரில் சாய்ந்துவிட்டார். காலையில் வந்துபோன நண்பர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான் சிரித்துச் சிரித்து மாய்ந்தேன். அம்மா சிரிக்கவில்லை. நேராகப் போய் பல்பைப் பிடுங்கினாள். "ஏன்னா, இதைக் கழட்டிடுங்கோ. எனக்குப் பயமா இருக்கு."

"மாட்டேன்," என்றார் அப்பா. "என்னை ஒருத்தன் உக்காந்து பாத்து வரைஞ்சது இது ஒண்ணுதான்."

அம்மா சொல்லி அவர் மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அம்மா கூடத்தைத் தலை குனிந்தே கடந்தாள். அப்பா "மணி என்ன?" என்பார். அடுப்படியிலிருந்து பதில் வராது. சுவரில் கடிகாரமும் இல்லை. இவருக்குப் பெருமை போகக் கூடாது, அவளுக்குப் பயம் போக வேண்டும். இருவரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது, கூடவே எரிச்சலாகவும் இருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் எதிர்ச்சுவரில் இருந்த அறுபதாம் கல்யாணப் படத்தைக் காட்டினேன். "அதுல ரெண்டு பேர் கழுத்துலயும் மாலையே இருக்கு. அதைப் பாத்து யாராவது துக்கம் விசாரிச்சாளா?"

அம்மா அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். "ஆமாம். தனியா இருந்தாத்தான் பயம்," என்றாள். பிறகு, அப்பாவை வரைந்த ஓவியரைக் கூப்பிடச் சொன்னாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் அவர் பெயிண்ட் டப்பாக்களோடு வந்தார். "ஐயா பக்கத்துல எடம் நெறைய கீது. உங்களைப் போட்டுட்லாம். கைல இன்னா புட்சிக்கினு கீற மாதிரி போடட்டுமா, மா? காபி டம்ளரா?"

"கைல ஒண்ணும் வேண்டாம். ஒரு வாட்ச் கட்டியிருக்கற மாதிரி போடுங்கோ."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாட்ச் கட்டியதே இல்லை.

"இறங்கி வந்ததும் அதைத்தானே கேப்பார்," என்றாள். "அங்கேயும் யாராவது சொல்ல வேண்டாமா?"

ஓவியர் தூரிகையை நனைத்தார். அப்பா ஈஸிசேரில் அசையாமல் இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"நாலரை ஆறது," என்றாள் அம்மா.