வலம்புரி வாய்

காலையில் வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாகப் பனியனில் ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால், முகத்தின் இடது பாதி செத்துக் கிடக்கிறது. வாய் வலது காதைத் தேடிப் போயிருக்கிறது. இடது கண் மூடவே இல்லை. கல்யாணப் பந்திகளில் அடுத்தவரைப் போல முகத்தைக் கோணிக் காட்டியே பேர் வாங்கியவன் நான். அது தானாகக் கோணியது அன்றுதான்.

உடனே மனைவியை எழுப்பி, பத்திரம் எந்த பீரோவில் இருக்கிறது என்று சொன்னேன். உதடு ஒட்டாததால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

காரைக்குடி டாக்டர், பக்கவாதம் இல்லை என்றார். "முகத்து நரம்பு வீங்கியிருக்கு. மாத்திரை சாப்பிடுங்க. மத்தபடி காத்திருக்கணும். பெரும்பாலும் சரியாயிரும்."

அந்தப் 'பெரும்பாலும்' என்னைத் தூங்கவிடவில்லை. மிச்சமிருக்கும் கொஞ்சப் பேரில் முதல் ஆள் நான்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் இருவர் ஆப்பிளோடு வந்தார்கள். கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு கிளம்பியிருக்கலாம்.

"மாப்ள, கோவிச்சுக்கிறாத," என்றான் ஒருவன். "தேவகோட்டைக் கல்யாணத்துல, வாதம் வந்த பெரியவரு சாப்பிடுறத செஞ்சு காட்டுனியே. அவரு வயித்தெரிச்சல்தாண்டா இது."

'விழுந்து விழுந்து சிரிச்ச ஒனக்கு ஒண்ணும் வரலியேடா' என்று கேட்க வாயெடுத்தேன். எச்சில்தான் வந்தது.

"அட, அதில்லப்பா," என்றான் மற்றவன். "ரெண்டு வருசமா குலதெய்வத்துக்குப் போகல இவன். கெடா வெட்டுனா பதினோரு நாள்ல வாய் நேராயிரும்."

என் பாவம் எது என்று இருவரும் சண்டை போட்டார்கள். ஆப்பிளையும் அவர்களே தின்றார்கள். நானோ இரண்டையும் நம்பினேன். கிடாவுக்கு நேர்ந்துகொண்டு, விடிந்ததும் மனைவியோடு பிள்ளையார்பட்டிக்குப் போனேன். இதுவரை கேலி செய்த அத்தனை பேரிடமும் வரிசையில் நின்றபடி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். பட்டியல் முடிவதற்குள் சன்னதி வந்துவிட்டது.

எத்தனையோ தடவை பார்த்த தும்பிக்கைதான். அது வலப்பக்கம் வளைந்திருப்பது அன்றுதான் உறைத்தது. இவர் யாரைக் கேலி செய்தார்? எந்தக் கிடாவுக்குக் கடன்? சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்குச் சிரிக்கிறீக?" என்றாள் மனைவி.

"சிரிக்கிறது தெரியுதா?"

"ஒரு பக்கம் தெரியுது. பேசாமக் குட்டிக்கங்க."

குட்டிக்கொண்டேன். பெரியவரைச் செய்து காட்டியது தப்பு. நரம்பு வீங்கியதும் நிஜம். இரண்டையும் முடிச்சுப் போட்டது பயம். கேட்கவென்று கொண்டுபோன எதையும் கேட்கவில்லை. 'என்னால ஒண்ணும் முடியல, கூட இரு' என்று மட்டும்தான் சொல்ல வந்தது.

இன்றோடு இருபத்து மூன்று நாள். வாய் இன்னும் வலப்பக்கம்தான். மத்தியானம் சாப்பிட்டு நான் படுத்ததும், மனைவி என் இடது இமையை இழுத்து மூடிப் பிளாஸ்திரி ஒட்டுகிறாள்.

"சரியாயிருமா?" என்று தினமும் கேட்கிறேன்.

"தெரியலங்க," என்கிறாள்.

இத்தனை நாளில் எனக்குக் கிடைத்த பதில்களில் பயமுறுத்தாதது அது ஒன்றுதான். மறு கண்ணை நானே மூடிக்கொள்கிறேன்.