அங்கே எத்தனை வாட், சார்?

நான் சோறு வடிக்கப் போன நேரத்தில் ஒருவர் என் பெயரைக் கெடுத்துவிட்டார். அதுவும் அவருக்காக வடித்த சோறு. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் மேல்மலையில் பூண்டு போடுகிறவர்கள். சில வருஷங்களுக்கு முன் அடித்த புயலில் ஒரு தைலமரம் சாய்ந்து என் வீட்டுக்காரரின் கால் அதில் மாட்டிக்கொண்டது. கரண்டு இல்லை, போனில் சிக்னல் இல்லை, ரோட்டில் மரமாகக் கிடந்தது. கொடைக்கானலுக்குத் தகவல் சொல்ல வழியில்லாமல், அவர் முனகுவதைக் கேட்டுக்கொண்டு மறுநாள்வரை உட்கார்ந்திருந்தேன். கால் பிழைத்தது, கொஞ்சம் சாய்த்து நடப்பார். அதன் பிறகுதான் நான் ஹாம் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்கினேன். ஹாம் ரேடியோவுக்கு டவர் வேண்டாம். ஒரு ரேடியோ, ஒரு கம்பி, ஒரு பேட்டரி இருந்தால் எங்கோ இருக்கும் இன்னொரு ஹாமோடு பேசிவிடலாம். பேட்டரிக்கு நான் எங்கே போவேன்? முதுகில் மாட்டி மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் இருந்ததைக் கழற்றி மாட்டினேன். ரேடியோ பேசியது.

வருஷத்துக்கு ஒருமுறை ஹாம்களுக்குள் ஒரு போட்டி நடக்கும். ஐந்து வாட்டுக்கு மேல் போகக் கூடாது. மிக்ஸி தின்கிற கரண்டில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு பகல் முழுக்க எத்தனை பேரை எட்டுகிறோம் என்பதுதான் ஆட்டம். பேசுகிற ஒவ்வொருவரிடமும் நம் கால்சைனை, அதாவது உரிமத்தோடு அரசு கொடுத்த அடையாள எழுத்துகளைச் சொல்ல வேண்டும். எத்தனை வாட்டில் பேசுகிறோம் என்பதையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யாரும் வந்து மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. சொன்னால் சொன்னதுதான். கடைசியில் யார் யாரோடு பேசினோம் என்ற கணக்கை எழுதிப் போட்டி நடத்துகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. எனக்கு அப்படியில்லை. அடுத்த புயலில் இந்த ஸ்பிரேயர் பேட்டரியை வைத்து நான் கத்தினால் கீழே யாருக்காவது கேட்குமா? காலையில் கேட்குமா, அலைகள் சோர்ந்துபோகிற உச்சிவெயிலில் கேட்குமா? எனக்கு அதற்கு விடை வேண்டும்.

போன வருஷப் போட்டிக்குத் தானும் வருவதாக எங்கள் ஹாம் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் சொன்னார். ஒட்டன்சத்திரத்துக்காரர். வீட்டில் பெரிய பெரிய ரேடியோவாக வைத்திருப்பவர்.

"நீங்க இருக்குறது ஒசரமான எடம் சிஸ்டர். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுவோம். ஒங்க கால்சைன்லயே போகட்டும், சர்டிபிகேட்டும் ஒங்களுக்கே."

பெரிய மனசு என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. வெள்ளனே கிளம்பி, வழியில் ஆயக்குடியில் ஒரு பை கொய்யாவும் வாங்கிக்கொண்டு காரில் வந்து இறங்கினார்.

காலையில் நான்தான் பேசினேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. நெடுநேரம் கழித்துத் திருநெல்வேலிக்காரர் ஒருவர், "ரொம்ப சன்னமா கேக்கு மேடம், ஆனா தெளிவா இருக்கு" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் சிலர் கிடைத்தார்கள். ஒவ்வொருவரும் மலையில் கல் பொறுக்கிச் சேர்த்த நிலம் மாதிரி.

உச்சிப்பொழுது நெருங்கியது. "நீங்க போயி வீட்டுச் சோலியப் பாருங்க சிஸ்டர். நான் கூப்புடுறேன்" என்றார். போனேன். பூண்டுக் குழம்பு வைத்தேன், பீன்ஸ் பொரித்தேன். அடுக்களைக்கு அவர் குரல் கேட்டது. ஒருவர் பின் ஒருவராக மாட்டுகிறார்கள். என் கால்சைனைச் சொல்லி, "ஃபைவ் வாட்ஸ், ஃபைவ் வாட்ஸ்" என்கிறார். ஆம்பிளைக் குரலுக்கு அலைகூட வழிவிடுகிறதே என்று பொறாமைப்பட்டேன்.

சாப்பிடக் கூப்பிடப் போனால், பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. ஐந்து வாட்டில் பொழுது சாயும்வரை தாங்குகிற பேட்டரி. பவர் காட்டும் எண்ணைப் பார்த்தேன். இருபது.

"என்ன சார் இது?"

"கொஞ்சம் ஏத்துனேன். அஞ்சுல இந்த நேரத்துக்கு எவனுக்கும் கேக்காது. எல்லாரும் இப்பிடித்தான் சிஸ்டர், யாருக்குத் தெரியப் போவுது?"

"அஞ்சுன்னு சொன்னீங்களே சார். என் கால்சைன்ல சொன்னீங்களே!"

"வெளாட்டுக்குப் போயி எதுக்கு இம்புட்டுக் கோவம்? அஞ்சுன்னே போட்டு அனுப்பிடுங்க."

பூண்டு மூட்டையோடு சந்தைக்குப் போய்வந்தவள் நான். தராசுத் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டுகிறவனைப் பார்த்திருக்கிறேன். அவன்கூடத் தன் தராசில்தான் ஒட்டுவான். இவர் என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் தராசில் ஒட்டினார். ஒரே ஒரு பேச்சு ஐந்தைத் தாண்டினாலும் அந்தக் கால்சைனின் கணக்கு முழுக்கச் செல்லாது. நான் தொண்டை வறளச் சேர்த்ததும் அதோடு போயிற்று. உச்சிப்பொழுதில் ஐந்து வாட் கேட்குமா என்பதும் தெரியாமல் போயிற்று. அந்தப் பொய்யை நம்பி நான் புயலில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைச் சொன்னால் சிரிக்கிறார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே வந்தார். "சாருக்கு மோர் ஊத்தவா?" என்றார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. சாப்பாட்டு வேளையில் வந்தவரை எழுப்பி அனுப்பவும் மனசு வரவில்லை. பரிமாறினேன். குழம்பு பிரமாதம் என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

கணக்கை நான் அனுப்பவில்லை. 'பிழைக்கத் தெரியாதவங்க' என்று குழுவில் யாரிடமோ சொன்னாராம்.

இந்த வருஷம் தனியாக உட்கார்ந்தேன். சோறு வடித்தவர் என் வீட்டுக்காரர். உச்சிப்பொழுதில் அந்தக் குரல் காது கிழிய வந்தது, ஒட்டன்சத்திரத்திலிருந்து, அவருடைய கால்சைனில்: "ஃபைவ் வாட்ஸ்." மைக்கை எடுத்து என் கால்சைனைச் சொன்னேன்.

"இங்க அஞ்சு வாட். அங்க எத்தனை வாட், சார்?"

"யாரோ கூப்புடுறீங்க, ஒண்ணும் புரியல. ரொம்ப வீக்" என்றார்.

மறுபடி கேட்டேன். "புரியல." மூன்றாம் தடவையும் அதேதான். நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை கேட்காத மாதிரி இருக்கிறாரா? இந்த நேரத்தில் ஐந்து வாட் மலையை விட்டே இறங்காதோ?

அப்போது குறுக்கே ஒரு குரல் வந்தது. அந்தத் திருநெல்வேலிக்காரர்.

"சார், கொடைக்கானல் மேடம் கொரலு எனக்கு நல்லா கேக்கு. அவியளுக்கு அஞ்சு வாட்டாம். ஒங்களுக்கு எத்தன வாட்டுன்னு கேக்காவ, சொல்லுங்க."

"மத்தியானமும் கேக்குதுங்க!" என்று அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன். அங்கே கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

ஒட்டன்சத்திரம் அந்த அலைவரிசையை விட்டே போய்விட்டது.