இரண்டு லுங்கி கட்டிய வருஷம்

பத்தாம் வகுப்பு பாஸாவதற்கு முன்பே பட்டதாரி ஆகிவிட்டதாக நம்பிய ஒரே முட்டாள் எங்கள் தெருவில் நான்தான். இதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பின்னால் வேறு யாராவது சொல்வதைவிட நானே சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாவது மிஞ்சும்.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள் அவை. ரங்கூன் நகரத்தின் நடுவில் பழைய கட்டடங்களின் மேல்மாடிகளில் வெளிநாட்டுப் படிப்பு சொல்லித்தரும் தனியார் கல்லூரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. கீழே செருப்புக்கடை, நடுவில் பல் டாக்டர், உச்சியில் கல்லூரி. அப்படி ஒன்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு என்று அக்கா கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். ஸேதான் படிக்கும்போதே, அதாவது பர்மாவில் பள்ளிப்படிப்பு முடிகிற பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்குத் தயாராகும்போதே, மாலையில் கல்லூரிப் பாடம் ஒன்று படிக்கலாம். அதில் தேறினால் கிடைக்கும் பாடப்புள்ளியை, கிரெடிட் என்பார்கள், பத்திரமாக வைத்திருப்பார்கள். ஸேதான் பாஸானதும் அது கல்லூரிக் கணக்கில் ஏறும். ஸேதானில் கோட்டைவிட்டால் கிரெடிட்டும் காற்றோடு போகும்.

அக்காவுக்கு ஏன் இந்த அவசரம் என்று சொல்ல வேண்டும். அவள் ஸேதான் பாஸான சமயத்தில் மாணவர் போராட்டத்துக்குப் பயந்து அரசாங்கம் பல்கலைக்கழகங்களை எல்லாம் மூடி வைத்திருந்தது. இந்த மழைக்குத் திறக்கும், அடுத்த மழைக்குத் திறக்கும் என்று வருஷக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தாள். பிறகு தபால் வழியில் ஒரு பட்டம் வாங்கினாள். டைப்பிங் கடையில் வேலைக்குப் போனாள். ஆனால் எங்கே ஒரு கதவு திறந்திருந்தாலும் அவள் கண்ணில் அது முதலில் பட்டுவிடும். மூடுவதற்குள் யாரையாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் அவளுக்கு. அந்த வருஷம் கைக்கு அகப்பட்டவன் நான்.

அப்பா வீட்டு முன்னறையில் ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்த்தார். கரண்ட் ஒழுங்காக வராத ஊரில் ஒழுங்காக நடந்த தொழில் அது. அவர் செம்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"ஸேதான் படிக்கிற பய. ரெண்டு லைன்ல லோடு இழுத்தா ஃபியூஸ் போயிரும்."

"போகாதுப்பா. சாயங்கால வகுப்புதான்," என்றாள் அக்கா.

"நீ எதுக்கு இதுக்கு இம்புட்டு மல்லுக்கட்டுற?"

"அவன் ரெண்டுலயும் பாஸ் பண்ணிட்டா அடுத்து நான் அங்க சேரணும். ஃபெயிலாயிட்டான்னா நான் திரும்பக் கேக்க மாட்டேன். நீங்க பாக்கிற மாப்பிள்ளையப் பத்திப் பேசலாம்."

அப்பா காயிலைக் கீழே வைத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். "சரி," என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. அவர் என்னைப் பார்த்துவிட்டு ஏன் ஒத்துக்கொண்டார் என்று புரிய எனக்கு வெகுநாள் பிடித்தது. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பந்தயத்தில் குதிரையை யார் கேட்கிறார்கள்?

பள்ளிக்கூடம் பசுந்தாங்கில். வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், தாகேதாவில். கல்லூரி நகரத்துக்குள். பள்ளி விட்டதும் பாலத்தைக் கடந்து வீட்டுக்குப் போய் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வருவதற்குள், லைன்கார் என்று நாங்கள் சொல்லும் டவுன்பஸ் நெரிசலில் வகுப்பே முடிந்துவிடும். அரசுப் பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி. ஊரில் எந்தப் பச்சை லுங்கியைப் பார்த்தாலும் பள்ளிக்கூடத்துப் பையன் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். கல்லூரியிலோ எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் நடுவில் பச்சையோடு போய் உட்கார என் மானம் இடம் தரவில்லை.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பையில் ஒரு பழுப்புக் கட்டம் போட்ட லுங்கி வைத்துக்கொள்வது. பஸ் நிறுத்தத்திலேயே தலைவழியாக மாட்டிப் பச்சைக்கு மேல் கட்டிக்கொள்வது. மறைவிடம் வேண்டாம், நேரமும் ஆகாது. வயிற்றின் மேல் இரண்டு முடிச்சு புடைத்துக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுகிற குடும்பத்துப் பிள்ளை மாதிரி தெரியும். வேர்த்துக்கொட்டியது. மேல்லுங்கிக்குக் கீழே பிடிமானம் இல்லாமல் துணிமேல் துணி வழுக்கியது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் பக்கத்து இருக்கைக்காரர், கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்த மீசைக்கார பர்மியர், என் பெயருக்கு முன்னால் 'கோ' போட்டுக் கூப்பிட்டார். வளர்ந்த ஆண்பிள்ளைக்குத் தருகிற மரியாதை அது. அதை வாங்கிக்கொண்டு அன்று லைன்காரில் படிக்கட்டில் தொங்கியபடி வீடு வந்தேன். அம்மா "ஏன்டா இளிக்கிற?" என்று கேட்டாள்.

பாடம் நிர்வாகவியல் அறிமுகம். நடத்தியவர் ஒரு வெளிநாட்டுக்காரர். சில வாரங்கள் நான் பின்வரிசையில் தலையாட்டியே ஓட்டினேன். ஒருநாள் அவர் என்னை நோக்கி விரல் நீட்டி, நிர்வாகம் என்றால் என்ன என்று கேட்டுவிட்டார்.

எனக்கா தெரியாது? முதல் அத்தியாயம் முழுக்க மனப்பாடம். எழுந்தேன். வாத்தியார் முன்னால் எப்படி நிற்பது என்று பர்மாவில் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டாம். இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன். மற்றவர்கள் நெஞ்சுக்கு நேரே கட்டுவார்கள். நான் கொஞ்சம் தாழ்த்தி வயிற்றோடு கட்டினேன். மரியாதைக்கும் ஆச்சு, முடிச்சுக்கும் ஆச்சு. பிறகு பள்ளிக்கூடத்தில் வகுப்பே சேர்ந்து கத்துகிற அதே சுருதியில், கூரையைப் பார்த்தபடி, முற்றுப்புள்ளி விடாமல் ஒப்பித்தேன். கீழே பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்தவர்களுக்கும் நிர்வாகம் என்றால் என்னவென்று அன்று தெரிந்திருக்கும்.

வெளிநாட்டுக்காரர் கொஞ்சம் பின்வாங்கினார். "உங்களுக்கு என்மேல் ஏதாவது கோபமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். அவர் முகம் இன்னும் மாறியது. மீசைக்காரர்தான் எழுந்து, கையைக் கட்டுவது இங்கே பணிவு, முறைப்பு இல்லை என்று விளக்கினார். வெளிநாட்டுக்காரர் சிரித்துவிட்டு, "அப்படியா, நல்லது. இப்போது கையைத் தொங்கவிட்டு, அதே விஷயத்தை உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்," என்றார்.

சொந்த வார்த்தை என்று ஒன்று என்னிடம் கையிருப்பு இல்லை. ஆனால் ஸயா, அதாவது வாத்தியார், சொன்னால் கேட்க வேண்டும். கையைத் தொங்கவிட்டேன். கட்டம் போட்ட லுங்கியும் தொங்கியது. முடிச்சு அவிழ்ந்து, பச்சைமேல் அழகாக வழுக்கி, காலடியில் வட்டமாக விழுந்தது. அதன் நடுவில் நான் முழுப் பச்சையாக நின்றேன்.

வகுப்பில் சிரிப்பு ஓயச் சிறிது நேரம் ஆனது. மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லுங்கிய எடு ஞீலே," என்றார். ஞீலே என்றால் தம்பி. 'கோ' பட்டம் அன்றோடு போனது. அதன்பிறகு அவர் சமோசா வாங்கினால் எனக்கும் ஒன்று வாங்கினார் என்பதால் நஷ்டம் என்று சொல்ல முடியாது.

இதோடு நின்றிருந்தால் ஒரு லுங்கியோடு போயிருக்கும். எனக்கு அந்தச் 'சொந்த வார்த்தை' தலைக்கேறிவிட்டது. மனப்பாடம் செய்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் மாதப் பரீட்சை வந்தது. உயிரியல். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இதயம் வேலை செய்யும் விதம் பற்றிக் கேள்வி. நான் எழுதினேன்: இதயம் எங்கள் தெருவில் இருக்கும் தண்ணீர் மோட்டார் மாதிரி. கரண்ட் இருந்தால் மேல்மாடிவரை ஏற்றும், கரண்ட் போனால் எல்லோரும் வாளியோடு நிற்க வேண்டும். படம்கூடப் போட்டேன். வாளி நன்றாக வந்திருந்தது.

உயிரியல் டீச்சரம்மாவான ஸயாமா விடைத்தாளை வகுப்பின் முன் தூக்கிப் பிடித்தார். "இவனுக்கு இதயம் நின்னா டாக்டர்கிட்ட போக வேண்டாம், பிளம்பரக் கூப்பிடுங்க," என்றார். அந்தக் கேள்விக்குப் பூஜ்யம். பரீட்சைக்கும் ஃபெயில். வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும்.

அப்பாவை அழைத்துப் போனால் அக்காவின் கதை அங்கேயே முடிந்துவிடும். டைப்பிங் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வந்தாள். ஸயாமா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஸயாமா கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "யோசிக்கிறான், தப்பில்ல. ஆனா ஸேதான் பேப்பர் திருத்துறவங்களுக்கு இவன் யோசிச்சதப் படிக்க நேரமிருக்காது. இப்படியே எழுதினா இந்த வருஷம் தேறமாட்டான்," என்றார்.

பஸ் நிறுத்தம்வரை அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று, "வாளிப் படத்துக்காவது ஒரு மார்க் குடுத்திருக்கலாம்," என்றேன்.

"நீ ஃபெயிலானா அடுத்த வருஷம் திரும்ப எழுதுவ," என்றாள் அக்கா. "எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல. அப்பாகிட்ட என் வாயாலயே சொல்லியிருக்கேன்."

எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை. பந்தயம் என்றால் ஓடுவது மட்டும்தான் நினைவிலிருந்தது. பணயம் யாருடையது என்று யோசிக்கவே இல்லை. அந்த லைன்காரில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா சட்டம் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் வார்த்தை, கல்லூரியில் என் வார்த்தை. குழப்பம் வரக் கூடாது என்பதற்காக வீட்டிலும் லுங்கிதான் அடையாளம். "பச்சையக் கட்டு, பயாலஜிய எடு," என்பாள். பச்சை கட்டியிருக்கும்போது யோசித்தால் அடி. காற்புள்ளிகூட இடம் மாறக் கூடாது. பழுப்பு லுங்கி கட்டியதும் புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வாள். "இப்ப சொல்லு, நேத்து அந்த வெள்ளைக்காரரு என்ன சொன்னாரு?"

நான் சொல்லுவேன். "இது புத்தகத்து வார்த்தை. உன்னோடது எங்க?" என்பாள். பாதியில் அவளே தொடங்கிவிடுவாள். ஒரே தெருவில் ஒரு டீக்கடை நிரம்பி வழிய, எதிர்க்கடை ஏன் ஈ ஓட்டுகிறது என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் அவர். நான் டீயின் ருசி என்றேன். "ருசி ரெண்டுலயும் ஒண்ணுதான்," என்றாள் அக்கா. "இவன் கரண்ட் போனா ஜெனரேட்டர் போட்டு ஃபுட்பால் காட்டுறான். பாதியில எவன் எந்திரிப்பான்? ஒரு டீக்கு ரெண்டு டீயாக் குடிப்பான்." அதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் படித்துக் காட்டி, நான் சொந்தமாக யோசித்த முதல் விஷயம் இது என்று பாராட்டினார். நான் பணிவோடு தலைகுனிந்தேன். குனிந்தது பணிவால்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அப்பா முன்னறையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கரண்ட் போகும்போதெல்லாம், "பாத்தியா, லோடு தாங்கல," என்று என் பக்கம் திரும்பிச் சொல்வார்.

கல்லூரிப் பரீட்சை முதலில் வந்தது, தேறினேன். கிரெடிட் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார்கள். பிறகு ஸேதான். பச்சை லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய், யோசிக்காமல் எழுதிவிட்டு வந்தேன். இதயத்தைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். மோட்டார் ஞாபகம் வந்தது, விரட்டிவிட்டேன்.

முடிவு வந்த காலையில் மழை. பள்ளிக்கூடத்தில் நம்பர்களை ஒட்டியிருந்தார்கள். அக்கா ஒரு குடையோடு வந்தாள். அப்பாவும் வேலையைப் போட்டுவிட்டு எங்கள் பின்னாலேயே வந்தார். கூட்டத்துக்குள் புகுந்து பார்த்தவள் அக்காதான். என் நம்பர் இருந்தது. பக்கத்தில் ஒரு டிஸ்டிங்ஷன்கூட இல்லை, மொட்டையாக, ஆனால் இருந்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு, மழையில் நனைந்தபடி அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த நம்பரையே வெகுநேரம் பார்த்தார். "ஃபியூஸ் தாங்கிருச்சே," என்றார். ஏதோ ரிப்பேர் செய்ய முடியாது என்று ஒதுக்கிய பெட்டி தானாக வேலை செய்ய ஆரம்பித்த மாதிரி. பிறகு அக்காவிடம் கேட்டார். "எப்ப சேரணும்?"

"இன்னிக்கே," என்றாள் அக்கா.

அவளுடைய முதல் வகுப்பன்று நானும் கூடவே போனேன். கல்லூரியில் நான் பழம்தின்று கொட்டைபோட்டவன் இல்லையா. செருப்புக்கடை வாசலிலேயே அறிவுரையை ஆரம்பித்தேன். கையைக் கட்டாதே, முறைக்கிறாய் என்று நினைப்பார். கூரையைப் பார்த்துப் பேசாதே. புத்தகத்து வார்த்தை வேண்டாம். பல் டாக்டர் மாடியைத் தாண்டியும் நான் விடவில்லை. கதவருகே வந்ததும், "நானும் உள்ள வந்து உன்னை அறிமுகப்படுத்தட்டுமா? இங்க என்னைத் தெரியாதவங்க கிடையாது," என்றேன்.

அக்கா கதவின் கைப்பிடியில் கைவைத்தபடி திரும்பினாள்.

"முதல்ல உன் லுங்கிய இறுக்கிக் கட்டு."