செல்வராஜைக் கொண்டுபோன இரும்புக் குண்டு

மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். காபி. செய்தித்தாளில் முதலில் கடைசிப் பக்கம், பிறகுதான் முதல் பக்கம். பூப்பந்து மட்டையைத் துடைத்து உறையில் போட்டேன். முத்தியால்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் உப்பளம் மைதானம். வலையைக் கட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு நிமிர்ந்தேன். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர்.

பூப்பந்துக்குப் பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஒன்பதை எப்படிப் பிரித்தாலும் ஒரு பக்கம் நொண்டிதான்.

பத்தாவது ஆள் எங்கே? தொலைந்துவிடவில்லை. அதே மைதானத்தின் ஓரத்தில், தூங்குமூஞ்சி மரத்து நிழலில், சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு எங்கள் கோர்ட் வரை கேட்டது. எங்களோடு ஆடிய இத்தனை வருடங்களில் அப்படி அவர் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

செல்வராஜ். அரியாங்குப்பத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எங்கள் அணியின் சென்டர். நான் விட்ட பந்தையெல்லாம் எனக்குப் பின்னாலிருந்து பாய்ந்து எடுத்தவர். எடுத்துவிட்டு ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டாதவர். சென்ற வருடக் கடைசியில் முட்டி வலி என்று இரண்டு வாரம் வெளியே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் அந்த மரத்தடி. அதோடு போனது.

மரத்தடியில் ஆடுவது பெத்தாங்க். வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன மரப்பந்தை முதலில் வீசுவார்கள். பிறகு ஆளுக்கு மூன்று இரும்புக் குண்டு. யார் குண்டு மரப்பந்துக்குக் கிட்டே நிற்கிறதோ அவருக்குப் புள்ளி. முதலில் பதின்மூன்று எடுத்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான் விளையாட்டு. ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், வியர்க்கக்கூட வேண்டாம்... இதற்கு ஒரு சீருடை வேறு.

ஒரு மணி நேரப் பயணத்தில் விழுப்புரம். அங்கே போய் பெத்தாங்க் என்று கேளுங்கள், ஏதோ பலகாரம் என்று நினைப்பார்கள். இங்கே மட்டும் எப்படி வேர் பிடித்தது?

ஆண்டவர்கள் விட்டுப்போனது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. கிரிக்கெட்டை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள் என்கிறோம். எங்கள் ஊரை ஆண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள், அவர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன உறவு? இருந்தும் முத்தியால்பேட்டைச் சந்துகளில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கரியால் மூன்று ஸ்டம்ப். அமெரிக்காவையும் அதே ஆங்கிலேயர்தான் ஆண்டார்கள். அங்கே கிரிக்கெட் ஏன் ஒட்டவில்லை? பூப்பந்து நம் பக்கத்திலேயே பிறந்த விளையாட்டு. அது ஏன் கடல் தாண்டவில்லை?

வெயிலில் நின்று, நிழலைப் பார்த்து, நான் கண்டுபிடித்த காரணம் இது. பூப்பந்தில் மூச்சு வாங்கலாம், பேச முடியாது. பெத்தாங்கில் ஒருவர் எறியும்போது மற்ற எல்லோரும் பேசலாம். பென்ஷன், மருமகள், மீன் விலை, எதிர்க்கட்சி. ஒரு விளையாட்டு ஒரு ஊரில் நிற்பதற்குப் பந்து முக்கியமில்லை. பந்து சும்மா இருக்கும் நேரத்தில் அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேச வேண்டும்.

இது ஆராய்ச்சி இல்லை. வயிற்றெரிச்சல். ஆனால் வயிற்றெரிச்சலில் வருகிற ஆராய்ச்சி தப்பாகவா இருக்கும்?

அன்று ஒன்பது பேரை வைத்து ஒரு ஆட்டம் ஒப்பேற்றிவிட்டு மரத்தடிக்குப் போனேன். காரணம் இருந்தது. காரைக்காலில் ஒரு பெத்தாங்க் போட்டி. அதற்கு அணியில் ஒரு இடம் பாக்கி. செல்வராஜுக்கும் இளங்கோ என்கிற பேங்க் ஊழியருக்கும் ஆட்டம் வைத்து, ஜெயிப்பவரை எடுப்பதாக ஏற்பாடு. செல்வராஜ் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார்.

"எடுத்துட்டாங்கன்னா ஞாயித்துக்கிழமை பூரா இங்கதாண்ணே. இல்லன்னா இந்தக் குண்ட மூட்ட கட்டிட்டு உங்ககிட்ட வந்துடறேன்."

நான் யார் ஜெயிக்க வேண்டும் என்று விரும்பினேன் என்பதை எழுத வேண்டுமா என்ன?

போனபோது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. கடைசிச் சுற்று. அவர்கள் குண்டு எறிகிற திசையின் கோடியில் போய் நின்றுகொண்டேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற லூயி முசியேதான் நடுவர். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா.

"பூப்பந்துக்காரர் வந்துட்டார். வாங்க முசியே, வெயில்ல வெந்தது போதும்."

"வேகறது ஒடம்புக்கு நல்லது" என்றேன்.

இளங்கோ மூன்றையும் எறிந்து முடித்திருந்தார். செல்வராஜ் தன் கடைசிக் குண்டை எறிந்தார். அது மரப்பந்தின் மீதே போய் இடித்தது. மரப்பந்து தெறித்து, உருண்டு உருண்டு, என் காலடிக்கு வந்து நின்றது. மஞ்சள் நிறம். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

நான் குனிந்து எடுத்து, செல்வராஜிடம் வீசினேன்.

இதில் என்ன தப்பு? பூப்பந்தில் எல்லை தாண்டி வருகிற மஞ்சள் பந்தை எடுத்துப் போடுவது மரியாதை. வெளியே நிற்பவன் எடுத்துப் போடாவிட்டால்தான் திட்டுவோம்.

முதல் தடவையாக அங்கே யாரும் பேசவில்லை.

"இன்னாண்ணே பண்ணீங்க" என்றார் செல்வராஜ், மெதுவாக. பந்து அவர் கையில்.

"வேணும்னே எடுத்தாரு. ஆளத் திருப்பி இட்டுனு போறதுக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரப்பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் தூரம் பார்ப்பார்கள். முன்பு நீளமாகப் போய் வீணான இரண்டு குண்டுகள், செல்வராஜுடையது ஒன்று, இளங்கோவுடையது ஒன்று, என் காலுக்கு இரண்டு பக்கமும் கிடந்தன. இரண்டில் எது கிட்டே என்பதுதான் ஆட்டமே. பந்து நின்ற இடத்தை யாரும் குறித்துவைக்கவில்லை.

"முசியே, கால எடுக்காதீங்க. அப்டியே நில்லுங்க" என்றார் லூயி. நின்றேன். அவர் இரண்டு பேரையும் பார்த்தார். "எடுத்தவரே வெக்கட்டும். சம்மதமா?"

இளங்கோ என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஜெயித்தால் யாருக்கு லாபம் என்று அவருக்கும் தெரியும். "எனக்கு ஓகே சார்." செல்வராஜ் பந்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

குனிந்தேன். அது நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். என் இடது ஷூ நுனிக்கு எதிரே, மரத்திலிருந்து விழுந்த ஒரு காய்ந்த காயை ஒட்டி. அங்கே வைத்தால் செல்வராஜின் குண்டு மயிரிழை கிட்டே. ஒரு விரற்கடை வலப்பக்கம் வைத்தால் இளங்கோ. விரற்கடையை எவன் கண்டான்? அடுத்த ஞாயிறு எங்கள் பக்கம் பத்துப் பேர். எனக்குப் பின்னால் அந்தக் கால் சத்தம்...

குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். இடுப்பு வலி என்று நினைத்திருப்பார்கள்.

காய்ந்த காயை ஒட்டி வைத்தேன்.

லூயி டேப்பை நீட்டி இரண்டு தடவை அளந்தார். செல்வராஜின் தோளில் தட்டினார். மறுபடி எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். செல்வராஜுக்கு அப்போதே அணியின் சட்டையைக் கொடுத்தார்கள். நீல நிறம். பொருத்தமாகவே இருந்தது, அதுதான் எரிச்சல்.

ஸ்கூட்டர் வரைக்கும் செல்வராஜ் கூடவே வந்தார்.

"ஒரு வெரக்கட நவுத்தியிருந்தீங்கன்னா நான் உங்க ஆளுண்ணே."

"தெரியும்."

"அப்பறம் ஏன் நவுத்தல?"

"நவுத்தி வெச்சா, வாரா வாரம் என் மூஞ்சியப் பாத்துனு நீ ஆடணும். நானும் உன் மூஞ்சியப் பாக்கணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பந்தை எடுத்தது வெறும் பழக்கதோஷம் என்றேன். மனைவி கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"பன்னண்டுக்குப் பன்னண்டுலதான் பழக்கம் வருமா?"

நானும் ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆய ஆரம்பித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக எங்கள் பூப்பந்து வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'சென்டருக்கு ஆள் தேவை.' முதலில் தம்ஸ்-அப் போட்டவர் செல்வராஜ்.